கேட்டு நடந்த பாதை

சட்டத்தரணி சுகிர்தாவுக்கு ஒரு சீடர் வாய்த்தார். குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு.

சீடரின் பெயர் விக்கினராசா. முப்பது வருடம் நில அளவையாளராக இருந்தவர். உத்தியோகத்தில் இருக்கும்போதே திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து முடித்தார். ஓய்வூதியம் எடுத்த கையோடு கறுப்புக் கோட் ஒன்று தைப்பித்துக்கொண்டு, வடமராட்சியில் இருந்த சுகிர்தாவின் கந்தோரில் வந்து நின்றார்.

குருவைச் சீடர் "மேடம்" என்பார். சீடரைக் குரு "அண்ணை" என்பார்.

சந்தையில் கண்டவர்கள் பகிடி பண்ணினார்கள். "என்ன விக்கினராசா, தங்கச்சி வயசுப் பிள்ளையிட்டையோ பாடம் கேக்கிறாய்?"

"தங்கச்சிக்குச் சமைக்கத்தான் தெரியும். இவவுக்குச் சட்டம் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் தன் பாட்டில் கத்தரிக்காய் தெரிந்தெடுப்பார்.

ஆறு மாதம் கோப்புத் தூக்கிக்கொண்டு திரிந்தார். ஏழாம் மாதம் சுகிர்தா ஒரு கோப்பை அவர் பக்கம் தள்ளினார்.

"இது உங்கடை வழக்கு, அண்ணை. நீங்கள்தான் எழும்பிக் கதைக்கோணும்."

விக்கினராசா கோப்பை இரண்டு கையாலும் வாங்கினார்.

வழக்கு ஒரு வழியைப் பற்றியது.

நகுலேஸ்வரி என்றொரு பெண். நாற்பத்தெட்டு வயது. தையல் தைத்துப் பிழைக்கிறவர். அவருடைய வீடு மற்றவர்களின் வளவுகளுக்கு நடுவில் அகப்பட்டுக் கிடந்தது. முன்வளவு இராமுப்பிள்ளை மாஸ்ரருடையது. அந்த வளவுக்குள்ளால் போனால்தான் தெரு. பதினெட்டு வருடம் அப்படித்தான் போய் வந்தார்.

மாஸ்ரர் காலமானார். பிரான்ஸிலிருந்து மருமகன் யோகேந்திரன் வந்தார். வேலியைப் பிடுங்கிவிட்டு ஆள் உயரத்துக்கு மதில் கட்டினார். பாதை அடைபட்டுப் போயிற்று.

மிச்சம் இருந்தது பின்பக்கத்துத் தரவை. வெயில் காலத்தில் மாடு மேயும் வெளி. மாரி வந்தால் முழங்கால் அளவு தண்ணீர். நகுலேஸ்வரியின் கணவர் சந்திரபாலன் பாரிசவாதத்தில் விழுந்தவர். கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போன மாரியில் அவரைக் கதிரையில் இருத்தி, நாலு பேர் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் போனார்கள். ஒரு தரம் தூக்கினவர் ஒருவரின் கால் சறுக்கி, சந்திரபாலன் சேற்றுக்குள் விழுந்தார். உதவிக்குச் சத்தம் போடவும் அவருக்கு வாய் வராது. அடுத்த மாரி தொடங்க இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது.

"இது சின்ன வேலை, மேடம்" என்றார் விக்கினராசா. "பத்து வருசத்துக்கு மேலை ஒரு பாதையிலை நடந்தால் நடந்தவருக்கு உரிமை. இவ பதினெட்டு வருசம் நடந்திருக்கிறா."

"அவவோடை கதைச்சுப் போட்டுச் சொல்லுங்கோ" என்றார் சுகிர்தா.

மறுநாள் நகுலேஸ்வரி வந்தார். விக்கினராசா பேனையைத் திறந்தார்.

"பலவந்தமாய்ப் போனனீங்களோ, தங்கச்சி?"

"ஐயோ, இல்லை சேர்."

"ஒளிச்சுப் போனனீங்களோ?"

"ஏன் ஒளிப்பான்? பட்டப்பகலிலை, எல்லாரும் பாக்கத்தான் போனனான்."

"நல்லது. மாஸ்ரரிட்டை அனுமதி கேட்டுப் போனனீங்களோ?"

நகுலேஸ்வரியின் முகம் மலர்ந்தது.

"கேக்காமல் போவனே, சேர்? ஒவ்வொரு நாளும் படலையிலை நிண்டு, 'மாஸ்ரர், போகட்டோ?' எண்டு கேப்பன். 'ஓம் பிள்ளை, போயிட்டு வா' எண்டுவார். அவருக்குச் சுகமில்லாமல் கிடந்த நாளிலும் யன்னலடியிலை போய்க் கேட்டிட்டுத்தான் போறனான். ஒரு நாள் கூடத் தவறேல்லை."

விக்கினராசா பேனையை மூடினார்.

பதினெட்டு வருடத்தையும் இந்தப் பெண் தன் வாயாலேயே அழித்துவிட்டாள் என்று அவருக்கு விளங்கியது. அனுமதி கேட்டு நடந்தால் அது தயவு. தயவு எத்தனை வருடம் போனாலும் உரிமை ஆகாது. கேளாமல் விறைப்பாக நடந்திருந்தால் பாதை இன்றைக்கு அவளுடையது.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "தங்கச்சி, கோட்டிலை இதைச் சொல்லாதேங்கோ."

"எதை, சேர்?"

"கேட்டுப் போன கதையை. 'நான் என்ரை பாட்டிலை போய் வந்தனான்' எண்டு மட்டும் சொல்லுங்கோ. மாஸ்ரரும் இப்ப இல்லை. ஆருக்குத் தெரியப்போகுது?"

நகுலேஸ்வரி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சத்தியம் பண்ணிப்போட்டோ அப்பிடிச் சொல்லுறது, சேர்? அந்த மனிசன் ஒரு நாளும் எனக்கு இல்லை எண்டு சொன்னதில்லை. இப்ப அவரைக் கணக்கெடுக்காமல் அவரின்ரை முற்றத்தாலை மிதிச்சுக்கொண்டு போனன் எண்டு சொல்லவோ? நான் விளக்கு வைச்சுக் கும்பிடுறனான். மாட்டன், சேர். இவரைத் தண்ணிக்குள்ளாலை தூக்கிக்கொண்டு போறன், பறவாயில்லை."

எழும்பிப் போய்விட்டார்.

விக்கினராசா உள்அறைக்குப் போனார். சுகிர்தா சாமிப் படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சீடருக்குப் பொறுமை இல்லை. ஆனாலும் குரு கண் திறக்கும் வரை காத்திருந்தார். திறந்ததும் தொடங்கினார்.

"மேடம், இது என்ன சட்டம்? மரியாதை தெரியாதவனுக்கு உரிமை. மரியாதையாய்க் கேட்டவளுக்கு மதில். ரோமாபுரியிலை எவனோ எழுதி வைச்சான், ஒல்லாந்தன் கப்பலிலை ஏத்திக்கொண்டு வந்து யாழ்ப்பாணத்திலை இறக்கினான், வெள்ளைக்காரன் கிடக்கட்டும் எண்டு விட்டிட்டுப் போனான். நாங்களும் ரோமன் டச்சுச் சட்டம் எண்டு தலையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறம். ரோமாபுரி எங்கை, எங்கடை தரவை எங்கை? எங்களுக்கும் அதுக்கும் என்ன?"

சுகிர்தா குடையை எடுத்தார்.

"வாங்கோ அண்ணை. காணியைப் பாத்திட்டு வருவம்."

இருவரும் யோகேந்திரனின் புது மதிலடியில் போய் இறங்கினார்கள். பழைய இரும்புப் படலைக்குப் புதிதாக நீல வர்ணம் அடித்திருந்தது.

"போய்க் கேளுங்கோ" என்றார் சுகிர்தா.

"என்னத்தை?"

"'நகுலேஸ்வரியின்ரை வீட்டை போகோணும், உங்கடை வளவுக்குள்ளாலை போகட்டோ' எண்டு."

விக்கினராசா சிரிக்கப் பார்த்தார். குருவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

படலைக்குக் கிட்டப் போனார். முப்பது வருடத்தில் எத்தனை படலைகள். சங்கிலியும் ஆட்களுமாகப் போய், "அளவைத் திணைக்களம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர். யாருடைய வளவுக்குள்ளும் கேட்டுப் போன ஞாபகம் அவருக்கு இல்லை. இப்போது படலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். சொல் வரவில்லை.

யோகேந்திரன் தானே வெளியே வந்தார்.

"ஆர்? அட, சேவயர் விக்கினராசா எல்லே? மாமா உங்களைப் பற்றிச் சொல்லுறவர். காணி அளக்க வந்த நாளிலை படலையை உதைச்சுத் திறந்தனீங்களாம். கொழுக்கி இண்டைக்கும் வளைஞ்சுதான் கிடக்குது. இப்ப என்ன, வெளியிலை நிக்கிறியள்?"

விக்கினராசா படலையிலிருந்து கையை எடுத்தார்.

"தம்பி... பின்வீட்டை போகோணும். உங்கடை வளவுக்குள்ளாலை... போகட்டோ?"

"உங்களை விட்டால் நாளைக்கு அவை வருவினம். அவைக்கு விட்டால் ஆட்டோ வரும். ஆட்டோவுக்கு விட்டால் உழவு மெசின் வரும். இருபத்திரண்டு வருசம் பாரிஸிலை கோப்பை கழுவி வாங்கின காசிலை கட்டின மதில், அண்ணை. மாமா விட்டவர்தான். அது அவற்றை மனசு. இப்ப நான் விடேல்லை. இது என்ரை மனசு. பின்னாலை தரவையிருக்கு. அதாலை போங்கோ."

படலை சாத்தப்பட்டது.

விக்கினராசா திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது.

"கேட்டனான். இல்லை எண்டிட்டார்."

"எப்பிடி இருக்கு?"

அவர் வளைந்த கொழுக்கியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ பதினெட்டு வருசம் கேட்டிருக்கிறா" என்றார் சுகிர்தா. "கொப்பியிலை எழுதுங்கோ, அண்ணை. திகதி, நேரம், கேட்டது, மறுத்தது. எல்லாம் வேணும்."

தரவையால் சுற்றி நகுலேஸ்வரியின் வீட்டுக்குப் போனார்கள். விக்கினராசாவின் சப்பாத்துக்குள் மண் புகுந்தது. நகுலேஸ்வரி அவரைப் பார்க்காமல் இரண்டு கோப்பை பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். சந்திரபாலன் கட்டிலில் கிடந்தபடி வந்தவர்களைப் பார்த்து ஒரு பக்கத்து உதட்டால் சிரித்தார்.

சுகிர்தா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ரோமாபுரி ஆட்சியிலை ஒரு ஆள் இருந்தான். ஒரு கல்லறை அவன்ரை சொந்தம். தகப்பனோ தாயோ, ஆரோ அதுக்குள்ளை. ஆனால் சுத்திவர மற்றவன்ரை காணி. அஞ்சலி செய்யப் போக வழியில்லை. அயலவன் மறிச்சுப்போட்டான்."

"அவன் பத்து வருசம் நடந்தவனோ?" என்று கேட்டார் விக்கினராசா.

"இல்லை."

"காணி வாங்கின உறுதியிலை வழி எழுதியிருந்ததோ?"

"இல்லை."

"அப்ப அவனுக்கு ஒண்டுமில்லை."

"அப்பிடித்தான் எல்லாரும் நினைச்சினம். அரசனிட்டைக் கேள்வி போச்சுது. அரசன் மறுமொழி எழுதினான். 'இப்பிடியான வழியை அயலவனிட்டைக் கேட்டு எடுக்கிறதுதான் வழமை. அவன் கேக்கட்டும். கேட்டும் அயலவன் விடேல்லையெண்டால், ஆளுநர் தலையிட்டு, நியாயமான விலை குடுப்பிச்சு, வழியை விடப்பண்ணோணும்.'"

விக்கினராசா கோப்பையைக் கீழே வைத்தார்.

"செத்த ஆளிட்டைப் போறதுக்கோ, மேடம்?"

"ஓம். முதலிலை செத்த ஆளிட்டைப் போறதுக்குத்தான். பிறகு வந்தவை யோசிச்சினம். செத்தவரைப் பாக்கப் போறவனுக்கே வழி விடோணுமெண்டால், உசிரோடை இருக்கிற மனிசர் தங்கடை வீட்டை போக வேண்டாமோ எண்டு. அதுதான் அவசிய வழி. பத்து வருசமும் வேண்டாம், உறுதியும் வேண்டாம். வேறை வழி இல்லையெண்டு காட்டினால் போதும்."

"அதுக்குக் கேட்டு நடந்தது குற்றமில்லையோ?"

"அந்தச் சட்டத்திலை முதல் வேலையே கேக்கிறதுதான், அண்ணை."

குசினி வாசலில் நின்ற நகுலேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். விக்கினராசா அவர் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நான் அண்டைக்குச் சொன்னதை மறந்திடுங்கோ. நீங்கள் உள்ளதையே சொல்லுங்கோ. ஒவ்வொரு நாளும் கேட்டனான் எண்டே சொல்லுங்கோ."

"அதுதானே சேர் நானும் சொன்னனான்" என்றார் நகுலேஸ்வரி.

அடுத்த கிழமை முழுக்க விக்கினராசா வரைபடம் கீறினார். எது குறுகிய தூரம், எது யோகேந்திரனுக்கு ஆகக் குறைந்த சேதம் என்று மூன்று தரம் அளந்தார். அவருடைய கை அதற்குப் பழகின கை.

"அகலம் எவ்வளவு கேக்கிறது, மேடம்?"

"அங்கை இரண்டாயிரத்து நானூறு வருசத்துக்கு முதலே அளந்து வைச்சிருக்கினம், அண்ணை. வண்டிப் பாதை நேராய்ப் போற இடத்திலை எட்டு அடி. வளையிற இடத்திலை பதினாறு அடி."

விக்கினராசா பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். வண்டில் திரும்ப இடம் வேண்டும் என்று நினைத்து ஒருவன் அளந்திருக்கிறான். மாடும் வண்டிலுமாக நின்று பார்த்திருப்பான். அந்த அளவுக்காரன் ஆரென்று தெரியவில்லை. ஆனாலும் தன்னுடைய ஆள் என்று அவருக்குப் பட்டது. நெஞ்சு நிமிர்ந்தது.

வழக்கு விளக்க நாளன்று நீதிமன்றம் நிறைந்திருந்தது. யோகேந்திரனுக்காக வந்தவர் மூத்த சட்டத்தரணி தேவமனோகரன். குரலும் பகிடியும் பெரிசு. நகுலேஸ்வரி சாட்சிக் கூட்டில் ஏறினார். தேவமனோகரன் குறுக்கு விசாரணை தொடங்கினார்.

"அம்மா, காலமான இராமுப்பிள்ளை மாஸ்ரரிடம் கேட்டுத்தான் நடந்தீர்கள்?"

"ஓம்."

"ஒரு நாள், இரண்டு நாளா?"

"ஒவ்வொரு நாளும்."

"அவர் 'இல்லை' என்று சொல்லியிருந்தால்?"

நகுலேஸ்வரி யோசித்தார். "திரும்பிப் போயிருப்பன். அவற்றை வளவுதானே."

தேவமனோகரன் நீதிபதியைப் பார்த்துத் தலைசாய்த்தார். "கனம் நீதிபதி அவர்களே, இதற்கு மேல் எனக்குக் கேள்வி இல்லை. மாமனார் கொடுத்த அனுமதி. மருமகன் திரும்ப எடுத்த அனுமதி. வழக்கு முடிந்தது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விக்கினராசா குருவைத் திரும்பிப் பார்த்தார். சுகிர்தா மேசையில் இருந்த கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

விக்கினராசா தனியாக எழும்பினார்.

"கனம் நீதிபதி அவர்களே, இந்தப் பெண் கேட்டுத்தான் நடந்தார். அதை நாங்கள் மறைக்கவில்லை. பெருமையோடு சொல்கிறோம். பத்து வருட உரிமை எதையும் நாங்கள் கோரவில்லை. வீட்டிலிருந்து தெருவுக்கு வேறு வழி இல்லாதவர் கேட்கிற அவசிய வழியைக் கேட்கிறோம்."

"தரவை இருக்கிறதே" என்றார் தேவமனோகரன், இருந்தபடியே.

விக்கினராசா வரைபடத்தை நீட்டினார். "கார்த்திகை முதல் மாசி வரை அங்கே நிற்கும் தண்ணீரின் உயரம் இதில் இருக்கிறது. நடக்க முடியாத ஒருவர் அந்த வீட்டில் கட்டிலில் கிடக்கிறார்."

பிறகு கல்லறைக் கதையைச் சொன்னார். தடுமாறித்தான் சொன்னார். இரண்டு இடத்தில் கடதாசியைப் பார்த்தார்.

தேவமனோகரன் எழும்பினார். "எனது கற்றறிந்த நண்பர் எங்களை ரோமாபுரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். செத்துப்போன அரசனின் கடிதத்தைக் காட்டி இந்தக் காலத்து மனிசனின் மதிலை இடிக்கலாமா?"

இந்தத் தரம் கன பேர் சிரித்தார்கள். விக்கினராசாவின் காது சிவந்தது. ஆனால் குரல் ஏறவில்லை.

"எதிராளி இருபத்திரண்டு வருடம் பிரான்ஸில் இருந்தவர். அவர் அங்கே ஒரு வீடு வாங்கி, அந்த வீடு மற்றவர்களின் காணிக்கு நடுவில் அகப்பட்டிருந்தால், பிரான்ஸின் சட்டம் அவருக்கும் வழி விடச் சொல்லும். அந்தச் சட்டமும் ரோமாபுரிச் சட்டத்திலே வேர்விட்டது. இத்தாலியிலும் அப்படி. ஜேர்மனியிலும் அப்படி. தென்னாபிரிக்காவில் எங்களைப் போலவே ஒல்லாந்தர் கொண்டுபோனது. கனம் நீதிபதி அவர்களே, எதிராளிக்குப் பாரிஸில் கிடைக்கக்கூடியதைத்தான் இந்தப் பெண் வடமராட்சியில் கேட்கிறார். கூடக் கேட்கவில்லை. குறையவும் கேட்கவில்லை."

சிரிப்பு நின்றுவிட்டது. யோகேந்திரன் தன்னுடைய சட்டத்தரணியின் காதில் ஏதோ கேட்டார். தேவமனோகரன் தோளை உயர்த்தினார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோகேந்திரனிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இவர்கள் எப்போதாவது உங்களிடம் வந்து வழி கேட்டார்களா?"

"ஓம், ஐயா. கேட்டவை. நான்தான் விடேல்லை."

"யார் வந்து கேட்டது?"

யோகேந்திரன் விரலை நீட்டினார். "அந்த அண்ணைதான். படலையிலை வந்து நிண்டு கேட்டவர்."

விக்கினராசா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அது வெட்கம் இல்லை.

மாரிக்கு முன்னரே தீர்ப்பு வந்தது. வரைபடத்தில் காட்டியபடி எட்டு அடி வழி. கிணற்றடி வளைவில் வண்டி திரும்ப அகலம் கூட. யோகேந்திரனுக்கு உரிய நட்டஈடு. மதிலை ஒரு மாதத்துக்குள் திறக்கவேண்டும்.

நகுலேஸ்வரி நீதிமன்ற விறாந்தைக்கு வந்து, சுகிர்தாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். பிறகு விக்கினராசாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் கோட்டிலை உண்மையைத்தானே சேர் சொன்னனான்?"

"ஓம் தங்கச்சி. வழக்கை வெண்டது அதுதான்."

"இந்தக் கிழமை இவரைக் கிளினிக்குக்குக் கொண்டு போகோணும். ஆட்டோக்காரனுக்குச் சொல்லிப்போட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டே படியால் இறங்கி நடந்தார். அவருடைய நடையில் அவசரம் இருந்தது.

விக்கினராசா பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம்."

"சொல்லுங்கோ அண்ணை."

"அந்த ராச்சியம் இப்ப இல்லை. அந்தப் படையும் இல்லை, அரசனும் இல்லை. அந்தப் பாஷையை வீட்டிலை பேச ஒரு சனமும் இல்லை. கட்டின கோட்டையெல்லாம் இடிஞ்சு போச்சுது. இந்தச் சட்டத்தை மட்டும் இவ்வளவு காலமும் ஆர் காப்பாத்தி வைச்சிருந்தது?"

சுகிர்தா தெருவைப் பார்த்தார். நகுலேஸ்வரி சந்தியைக் கடந்து, தன் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"ஆரும் காப்பாத்தேல்லை, அண்ணை. அது போன ஊரெல்லாம் ஒருத்திக்கு வீட்டை போகவேண்டியிருந்தது."